திசு வந்த வழி: பதப்படுத்தலும் விரவல் எம்.ஆர்.ஐ. அளவுகளும்

உயிரோடிருக்கும் ஒருவரை ஸ்கேனருக்குள் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கவைப்பதே கடினம். அவர் அசையாமல் கிடந்தாலும் மூச்சும் நாடித் துடிப்பும் மூளையை அசைத்துக்கொண்டே இருக்கும். இறந்தபின் தானமாகக் கிடைத்த மூளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரவு பகலாக நாள்கணக்கில் அளக்கலாம், மிக நுண்ணிய அளவில் படமெடுக்கலாம். பிறகு அதே மூளையைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியிலும் பார்க்கலாம். விரவல் எம்.ஆர்.ஐ. தரும் எண்ணுக்கும் திசுவில் உள்ள ஆக்சானுக்கும் மையலினுக்கும் என்ன உறவு என்பதைச் சோதிக்க இதைவிட நேரடியான வழி இல்லை.

ஆனால் அந்த மூளை ஸ்கேனருக்கு வந்துசேர்வதற்குள் பல நிலைகளைக் கடந்துவிடுகிறது. ரத்த ஓட்டம் நிற்கிறது. உடல் சில மணி நேரமோ சில நாளோ காத்திருக்கிறது. மூளை வாரக்கணக்கில் ஃபார்மலினில் ஊறுகிறது. பிறகு கழுவப்படுகிறது, அல்லது கழுவப்படாமலே ஸ்கேனருக்குப் போகிறது. இந்த நிலைகள் எல்லாமே திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் நடமாடும் விதத்தை மாற்றுகின்றன. விரவல் எம்.ஆர்.ஐ. அளப்பதும் அந்த நடமாட்டத்தைத்தான். ஆகவே கிடைக்கும் எண்ணில் நோயும் வயதும் மட்டும் பதிவாவதில்லை. மூளை எத்தனை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் இருந்தது, எத்தனை நாள் ஊறியது, ஸ்கேன் அறையின் வெப்பநிலை என்ன என்பவையும் சேர்ந்தே பதிவாகின்றன.

திசு வந்த வழியும் அளவீட்டின் ஒரு பகுதி. இந்த அத்தியாயம் சொல்ல வருவது அதைத்தான். அந்த வழியைக் கட்டம் கட்டமாகப் பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்திலும் திசுவில் என்ன மாறுகிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம், எதைக் குறித்து வைக்க வேண்டும் என்று பார்ப்போம்.

அளப்பது என்ன

நீர் மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. திசுவுக்குள் அவற்றைச் செல் சவ்வும் மையலின் உறையும் தடுக்கின்றன. ஆக்சான் கற்றையின் நீளவாக்கில் நீர் எளிதாக நகரும், குறுக்கே எளிதாக நகராது. இந்த வேறுபாட்டிலிருந்து கற்றையின் திசையையும் நுண்கட்டமைப்பையும் ஊகிக்கிறோம்.

விரவல் எண்களுக்கு இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே அலகுதான்: மில்லிவினாடிக்கு சதுர மைக்ரோமீட்டர். தடையற்ற நீரின் விரவல் 37 டிகிரி செல்சியஸில் சுமார் 3.0, 20 டிகிரியில் சுமார் 2.0. உயிருள்ள மனித வெண்பொருளில் சராசரி விரவல் 0.7 முதல் 0.8 வரை இருக்கும். அதே வெண்பொருளை ஃபார்மலினில் ஊறவைத்து அறை வெப்பநிலையில் அளந்தால் பெரும்பாலும் 0.2 முதல் 0.35 வரைதான் வரும்.

இந்த வீழ்ச்சியைக் குளிர்ச்சியால் மட்டும் விளக்க முடியாது. உடல் வெப்பத்திலிருந்து 20 டிகிரிக்கு இறங்கும்போது நீரின் விரவல் மூன்றில் இரண்டு பங்காகிறது. அதை மட்டும் கணக்கில் கொண்டால் 0.7 என்பது 0.47 ஆகியிருக்க வேண்டும். அங்கிருந்து 0.25 வரை இறங்கியதற்கு இறப்புக்குப் பின் செல்கள் வீங்கியதும் ஃபார்மலின் செய்த வேலையும்தான் காரணம். வெப்பநிலைக்குத் திருத்தம் செய்துவிட்டால் உயிருள்ள மூளையின் எண் கிடைத்துவிடும் என்று நம்பி ஏமாறாமலிருக்க இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

முதல் கட்டம்: இறப்பிலிருந்து ஃபார்மலின் வரை

ரத்தம் நின்ற சில நிமிடங்களில் செல்லின் ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. சோடியத்தை வெளியேற்றும் சவ்வுப் பம்புகள் நிற்கின்றன. உப்போடு நீரும் செல்லுக்குள் புகுந்து செல்கள் வீங்க, அவற்றுக்கிடையே உள்ள வெளி சுருங்குகிறது. நீரின் விரவல் சட்டென்று குறைகிறது. 1990-இல் மைக்கேல் மோஸ்லி குழுவினர் பூனை மூளையில் ரத்தக் குழாயை அடைத்துக் காட்டியது இந்த மாற்றத்தைத்தான். பக்கவாத நோயாளிக்கு மருத்துவமனைகளில் இன்று விரவல் எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுவது அந்தக் கண்டுபிடிப்பின் பயன். இறந்த மூளையில் இதே மாற்றம் மூளை முழுவதும் நிகழ்கிறது.

அடுத்து மெதுவான சிதைவு தொடங்குகிறது. செல்லின் சொந்த நொதிகளே சவ்வையும் புரதத்தையும் கரைக்கின்றன. நீரைத் தடுத்த சுவர்களில் ஓட்டை விழுகிறது. நேரம் கூடக் கூட வெண்பொருளின் திசைச்சார்பு எண்ணான எஃப்.ஏ. குறைகிறது. கற்றைகளைத் தடமறியும் முயற்சியும் தடுமாறுகிறது. ஹெலன் டார்சுவீல், அலெக்ஸ் டி கிரெஸ்பினி ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு திசுச் சிதைவின் இந்த விளைவைக் காட்டியது.

இந்தக் கட்டத்தில் ஒரு நோய் ஆய்வே தடம்புரளக்கூடும். ஒரு திட்டத்தை எண்ணிப் பாருங்கள். மறதி நோயால் இறந்தவர்களின் மூளைகள், குடும்பம் முன்கூட்டியே சம்மதம் தந்த மூளை வங்கியிலிருந்து வருகின்றன. தகவல் உடனே போய்ச்சேர்வதால் அவை இறந்த பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போய்விடுகின்றன. ஒப்பீட்டுக்கான ஆரோக்கியமான மூளைகள் விபத்தில் இறந்தவர்களுடையவை. பிரேதப் பரிசோதனை, காவல் துறை ஆவணம் என்று இரண்டு நாள் கழிகிறது. இரு குழுக்களுக்கும் எஃப்.ஏ. வேறுபடும். அந்த வேறுபாட்டில் நோயின் பங்கு எவ்வளவு, தாமதத்தின் பங்கு எவ்வளவு என்று அப்புறம் எந்தப் புள்ளியியலாலும் முழுமையாகப் பிரிக்க முடியாது. தாமதமும் குழுவும் ஒன்றோடொன்று பின்னிப்போயிருக்கும்.

செய்ய வேண்டியவை:

1. இறப்புக்கும் நிலைப்படுத்தலுக்கும் (ஃபார்மலினில் இடுவதற்கும்) இடையிலான நேரத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: உடல் குளிரூட்டப்படும் வரையான நேரம், குளிரில் இருந்த நேரம். குளிரில் சிதைவு மெதுவாக நடக்கும். "24 மணி நேரம்" என்ற ஒற்றை எண் அதைச் சொல்லாது.

2. இரு குழுக்களிலும் இந்த நேரம் ஒரே வீச்சில் இருக்குமாறு மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் திருத்தம் செய்வதைவிட முன்னால் பொருத்துவது மேல்.

3. மூளையை மைனஸ் 80 டிகிரி பெட்டியில் வைத்து, பிறகு உருக்கி விரவல் அளக்கலாம் என்று நினைக்காதீர்கள். பனிப் படிகங்கள் சவ்வுகளைக் கிழித்துவிடும். ஸ்கேன் முதலில், உறைவித்தல் பிறகு. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் முழு மனித மூளையைச் சீவிச் செல் அளவில் படமெடுக்கிறது. அது போன்ற பணிகளில் இந்த வரிசையை முதல் நாளே முடிவுசெய்துகொள்வது நல்லது.

இரண்டாம் கட்டம்: ஃபார்மலினுக்குள்

1893-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் புளூம் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல் தோல் கெட்டிப்படுவதைக் கவனித்தார். திசுவை நிலைப்படுத்த அது உதவும் என்ற கண்டுபிடிப்பு அங்கிருந்து பிறந்தது. இன்றும் உலகெங்கும் நோயியல் கூடங்களில் புழங்குவது "10 சதவீத ஃபார்மலின்". அதில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4 சதவீதம்தான். கடையில் கிடைக்கும் செறிந்த ஃபார்மலின் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு கொண்டது. அதைப் பத்தில் ஒரு பங்காகக் கலப்பதால் வந்த பெயர் இது. குறிப்பேட்டில் "10 சதவீத ஃபார்மலின்" என்பதற்குப் பதில் "10 சதவீத ஃபார்மால்டிஹைடு" என்று எழுதிவிட்டால் அடுத்துப் படிப்பவர் இரண்டரை மடங்கு செறிந்த கரைசலைத் தயாரிப்பார்.

ஃபார்மால்டிஹைடு புரதச் சங்கிலிகளுக்கிடையே பாலம் போட்டு அவற்றை இருந்த இடத்தில் பூட்டுகிறது. சிதைவு நிற்கிறது. ஆனால் இந்தப் பூட்டு உடனே விழுவதில்லை. நீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடின் பெரும்பகுதி மெத்திலீன் கிளைக்கால் என்ற வடிவில் இருக்கிறது. அது திசுவுக்குள் வேகமாக நுழைந்தாலும் புரதத்தோடு பிணைவதில்லை. பிணையக்கூடிய வடிவம் மிகச் சிறிய அளவிலேயே இருப்பதால் பிணைப்பு மெதுவாக நடக்கிறது. மெல்லிய சீவலில்கூட 25 டிகிரியில் அது நிறைவடைய ஒரு நாள் ஆகும்.

பெரிய திசுவில் ஊடுருவலுக்கே நாள்கணக்கில் ஆகிறது. ஊடுருவும் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று 1941-இல் பீட்டர் மெடவார் காட்டினார். இரு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு நேரம், மூன்று மடங்கு ஆழத்துக்கு ஒன்பது மடங்கு நேரம். ஐந்து மில்லிமீட்டர் சீவலின் நடுப்பகுதியை எட்ட மணிக்கணக்கு போதும். முழு மனித மூளையின் நடுவை எட்டப் பல வாரங்கள் வேண்டும். அதுவரை ஆழத்தில் உள்ள வெண்பொருளில் சிதைவு நடந்துகொண்டே இருக்கும். முழுமையாக ஊறாத மூளையை, சிக்னல் மங்கும் வேகத்தைக் காட்டும் டி2 படத்தில் பார்த்தால் வெளியிலிருந்து உள்நோக்கி நகரும் ஒரு எல்லை வளையம் தெரியும். அந்த வளையம் தெரிந்தால் அந்த மூளை இன்னும் ஸ்கேனுக்குத் தயாராகவில்லை.

விலங்கு ஆய்வில் இந்தச் சிக்கலைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. ஆழ்ந்த மயக்கத்தில் இதயத்தின் வழியாகவே முதலில் உப்புக் கரைசலையும் பிறகு நிலைப்படுத்தியையும் செலுத்தினால், ரத்தக் குழாய்களே அதை மூளையின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்க்கின்றன. மேற்பரப்பும் ஆழமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிலைப்படும். எலி மூளையில் இப்படிக் கிடைத்த எண்ணையும், ஊறவைத்த மனித மூளையின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இனவேறுபாடு பேசக் கூடாது. வேறுபடுவது இனம் மட்டுமல்ல, நிலைப்படுத்திய முறையும்தான்.

நிலைப்படுத்தல் நுண்கட்டமைப்பில் செய்யும் மாற்றங்கள் மூன்று.

முதலாவது, செல்களுக்கிடையே உள்ள வெளி சுருங்குவது. உயிருள்ள மூளையின் கனஅளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த வெளிதான். லொசானில் நடந்த ஓர் ஆய்வு சுண்டெலி மூளைப் புறணியை இரண்டு வழிகளில் நிலைப்படுத்தி மின்னணு நுண்ணோக்கியில் ஒப்பிட்டது. 2015-இல் அதன் முடிவு வெளியானது. நொடிப்பொழுதில் உறைவித்த திசுவில் இந்த வெளி சுமார் 15 சதவீதம் இருந்தது. வேதிமுறையில் நிலைப்படுத்திய திசுவில் அது மூன்று சதவீதத்துக்கும் கீழே போயிருந்தது. செல்லுக்கு வெளியே உள்ள நீரின் பங்கை அளக்க முயலும் எந்த விரவல் கணித மாதிரியும் இந்த மாற்றத்தை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

இரண்டாவது, சவ்வு கசிவது. ஃபார்மால்டிஹைடு பிடிப்பது முக்கியமாகப் புரதத்தை. கொழுப்புச் சவ்வை அது நேரடியாகப் பூட்டுவதில்லை. நிலைப்படுத்திய திசுவில் நீர் சவ்வைக் கடந்து உள்ளேயும் வெளியேயும் போய்வருவது கூடுகிறது என்று எலி மூளைச் சீவல்களில் திமோதி ஷெப்பர்டும் உடன் பணியாற்றியவர்களும் கண்டனர். உள் நீர், வெளி நீர் என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளாகக் கருதும் மாதிரிகளின் அடித்தளத்தையே இது அசைக்கிறது.

மூன்றாவது, டி1, டி2 என்ற தளர்வு நேரங்கள் இரண்டும் குறைவது. ஷெப்பர்டு குழுவினரின் 2009 ஆய்வில், 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் இருந்த சீவல்களின் டி1 சுமார் 20 சதவீதமும், டி2 சுமார் 80 சதவீதமும் குறைந்திருந்தன. டி2 குறைந்தால் சிக்னல் வேகமாக மங்கும். நுண்கட்டமைப்பை அளக்கும் முன்பே இரைச்சல் மேலோங்கும்.

செய்ய வேண்டியவை:

1. நடுநிலைப் பஃபர் கலந்த ஃபார்மலினையே பயன்படுத்துங்கள். பஃபர் இல்லாத ஃபார்மலின் நாளடைவில் ஃபார்மிக் அமிலமாக மாறும். திசுவில் பழுப்பு நிறமி படியும்.

2. திசுவின் கனஅளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு, முடிந்தால் இருபது மடங்கு கரைசல் வையுங்கள். முதல் வாரத்தில் ஒருமுறையாவது மாற்றுங்கள்.

3. முழு மூளையை வாளியின் அடியில் உட்காரவைக்காதீர்கள். அடிப்பக்கம் தட்டையாகி, கரைசலும் படாமல் போகும். அடித்தமனியின் கீழ் நூல் கோத்துத் தலைகீழாகத் தொங்கவிடும் பழைய நோயியல் முறை இன்றும் நல்ல முறையே.

4. ஊறிய நாட்களை எல்லா மாதிரிகளுக்கும் ஒரே வீச்சில் வையுங்கள். இரண்டு மாதம் ஊறியதையும் பத்தாண்டு ஊறியதையும் ஒரே குழுவில் கலக்காதீர்கள்.

5. பாரஃபினில் பதிக்கும் வேலையை ஸ்கேனுக்குப் பிறகு வையுங்கள். ஆல்கஹால் நீரை எடுத்துவிடும், சைலீன் கொழுப்பைக் கரைத்துவிடும். அளப்பதற்கு நீரும் இராது, தடுப்பதற்கு மையலினும் இராது.

மூன்றாம் கட்டம்: கழுவுதல்

இந்தக் கட்டத்தில் செலவு குறைவு, பலன் மிகுதி. அப்படியிருந்தும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

ஃபார்மால்டிஹைடின் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. மற்றொரு பகுதி கட்டற்ற கரைசலாகத் திசுவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. டி2-ஐக் குறைப்பதில் முதன்மைப் பங்கு இந்தக் கட்டற்ற பகுதிக்கு. பாஸ்பேட் உப்புக் கரைசலில் திசுவைக் கழுவினால் அது வெளியேறிவிடும். மேலே சொன்ன எலிச் சீவல்களில் 12 மணி நேரக் கழுவுதல் டி2-ஐ மீட்டுத் தந்தது. ஆனால் சுருங்கிய வெளியும் கசியும் சவ்வும் கழுவுவதால் திரும்பி வருவதில்லை. கழுவுதல் சிக்னலைத்தான் மீட்கிறது, உயிருள்ள கட்டமைப்பை அல்ல.

பலன் எவ்வளவு என்று ஒரு கணக்கைப் பார்ப்போம். எதிரொலி நேரம் (சிக்னலைப் படிக்கும் வரையான நேரம்) 60 மில்லிவினாடி, டி2 40 மில்லிவினாடி என்றால் சிக்னலில் 22 சதவீதம் மிஞ்சும். டி2 70 ஆனால் 42 சதவீதம் மிஞ்சும். ஏறக்குறைய இரட்டிப்பு. இதே இரட்டிப்பைத் திரும்பத் திரும்ப அளந்து பெற வேண்டுமானால் நான்கு மடங்கு ஸ்கேன் நேரம் தேவை. ஒரு நாள் ஸ்கேன் நான்கு நாளாகும்.

வெளியேறுவதும் உள்ளே நுழைந்த அதே வர்க்கமூலக் கணக்கில்தான். சீவலுக்கு ஒரு நாள், எலி மூளைக்குச் சில நாட்கள், முழு மனித மூளைக்கு வாரங்கள். கரைசலை அடிக்கடி மாற்றுங்கள். நீண்ட நாள் வைப்பதென்றால் கிருமி வளராமலிருக்கச் சிறிதளவு சோடியம் அசைடு சேருங்கள். அசைடு நச்சு, கையுறையோடு கையாளுங்கள். பாதி கழுவிய மூளைதான் எல்லாவற்றையும்விட மோசம். மேற்பரப்பில் டி2 உயர்ந்தும் ஆழத்தில் தாழ்ந்தும் இருக்கும். புறணிக்கும் ஆழ்வெண்பொருளுக்கும் இடையே இல்லாத வேறுபாட்டை அது காட்டும். கழுவி முடிந்ததா என்று அறிய வாரம் ஒருமுறை விரைவான டி2 படம் எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு படங்களில் நடுப்பகுதி எண் மாறாமல் நின்றால் போதும்.

நான்காம் கட்டம்: ஸ்கேனருக்குள்

கழுவிய திசுவை வெற்றுக் காற்றில் வைத்தால் உலரும். காற்றுக்கும் திசுவுக்கும் இடையிலான காந்தவியல் வேறுபாடு படத்தையும் வளைக்கும். ஃபாம்ப்ளின், ஃபுளூரினர்ட் போன்ற ஃபுளூரின் திரவங்களில் ஹைட்ரஜன் இல்லாததால் அவை சிக்னல் தருவதில்லை. பின்னணி கருப்பாகவே இருக்கும். அவை திசுவைவிடக் கனமானவை. மூளை மேலே மிதக்கும். மென்மையான பிளாஸ்டிக் தாங்கியால் அசையாமல் பிடித்து வையுங்கள், ஆனால் அழுத்தி நசுக்காதீர்கள்.

குமிழிகள் பெரும் தொல்லை. மூளை அறைகளிலும் மடிப்புகளிலும் ஒளிந்திருக்கும் சிறு குமிழியும் தன்னைச் சுற்றிய பகுதியின் படத்தைச் சிதைத்துவிடும். கரைசலுக்குள்ளேயே வைத்து மெல்ல ஆட்டி வெளியேற்றுங்கள். பிறகு மென்மையான வெற்றிடத்தில் சில மணி நேரம் வையுங்கள். மூடி முற்றாக அடைபட்டிருக்கட்டும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அந்த ஸ்கேன் அறையில் உங்களுக்குப் பிறகு நோயாளிகளும் ஊழியர்களும் இருப்பார்கள்.

வெப்பநிலையில் கவனம் வேண்டும். ஒரு டிகிரி மாறினால் நீரின் விரவல் இரண்டு சதவீதத்துக்கும் மேல் மாறுகிறது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த மூளையை உடனே அளந்தால் முதல் மணி நேரத்து எண்ணும் பத்தாம் மணி நேரத்து எண்ணும் ஒத்துப்போகாது. போதாக்குறைக்குக் கிரேடியன்ட் சுருள்களும் வேலைசெய்யும்போது சூடேற்றும். முந்தின இரவே மாதிரியை ஸ்கேன் அறைக்குக் கொண்டுவாருங்கள். உண்மையான அளவீட்டுக்கு முன் அதே வரிசையைச் சில மணி நேரம் வெறுமனே ஓட்டி எல்லாம் நிலைகொள்ள விடுங்கள். கோபன்ஹேகனில் டிம் டைர்பி குழுவினர் 2011-இல் வெளியிட்ட செயல்முறை இத்தகைய முன்னோட்டத்தை வலியுறுத்துகிறது. பி-மதிப்பு (விரவலை எவ்வளவு நுட்பமாக உணர்கிறோம் என்பதைக் குறிக்கும் எண்) பூஜ்யமான படங்களைத் தொடக்கத்தில் மட்டும் எடுக்காமல் நெடுகப் பரப்பி எடுங்கள். இடையில் ஏதாவது நகர்ந்தால் அவை காட்டிக்கொடுக்கும்.

பி-மதிப்பை எப்படித் தேர்வது

உயிருள்ளவர்களுக்கு வழக்கமான பி-மதிப்பு, சதுர மில்லிமீட்டருக்கு வினாடி என்ற அலகில், 1000. விரவல் 0.7 உள்ள திசுவில் அது சிக்னலைப் பாதியாகக் குறைக்கும். இந்த அளவு குறைந்தால்தான் திசைக்குத் திசை உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். விரவல் 0.25-க்கு இறங்கிய நிலைப்படுத்திய திசுவில் அதே 1000-ஐ வைத்தால் 78 சதவீதச் சிக்னல் அப்படியே மிஞ்சும். வேறுபாடு இரைச்சலில் மூழ்கிவிடும். மறுபடி பாதியாகக் குறைக்க ஏறக்குறைய 2800 தேவை. நிலைப்படுத்திய மூளைக்கு 3000, 4000 என்று வைப்பதன் காரணம் இது.

இதைக் குருட்டுப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் திசுவின் விரவல் எவ்வளவு என்று உங்கள் ஸ்கேனரிலேயே கண்டறியலாம். மூன்று திசையில் மூன்று நான்கு பி-மதிப்புகளோடு அரை மணி நேர முன்னளவீடு எடுங்கள். வெண்பொருளின் சராசரி விரவலைக் கணக்கிட்டு, 700-ஐ அந்த எண்ணால் வகுங்கள். கிடைப்பதே உங்களுக்கான பி-மதிப்பின் தொடக்கப் புள்ளி.

மருத்துவமனை ஸ்கேனரின் கிரேடியன்ட் வலிமை மீட்டருக்கு 40 முதல் 80 மில்லிடெஸ்லாதான். உயர்ந்த பி-மதிப்பை எட்ட அது நீண்ட எதிரொலி நேரம் கேட்கும். அதற்குள் சிக்னல் டி2 தேய்வில் கரைந்துவிடும். ஆக்ஸ்ஃபர்டில் கார்லா மில்லர் குழுவினர் முழு மனித மூளைகளை மருத்துவ ஸ்கேனரிலேயே அளக்க வேறு வகையான துடிப்பு வரிசையைக் கையாண்டது இந்த நெருக்கடியைச் சமாளிக்கத்தான். அந்த வசதி இல்லாதவர்களுக்குக் கழுவுதலே மிகப் பெரிய துணை.

கணித மாதிரிகளின் முன்முடிவுகள்

நுண்கட்டமைப்பு மாதிரிகள் சில எண்களை முன்கூட்டியே நிலையாக வைத்துக்கொள்கின்றன. 2012-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலிருந்து வெளிவந்த நாடி என்ற மாதிரி, ஆக்சான் நெடுக உள்ள விரவலை 1.7 என்று வைத்துக்கொள்கிறது. அது உயிருள்ள மூளைக்கான எண். நிலைப்படுத்திய குரங்கு மூளைக்கு 0.6 என்ற எண் கையாளப்பட்டிருக்கிறது. மென்பொருளின் இயல்பமைப்பை மாற்றாமல் நிலைப்படுத்திய மூளையின் தரவை ஊட்டினால் அது முரண்டுபிடிக்காது, அழகான படத்தையே தரும். படத்தில் உள்ள நரம்பிழை அடர்த்தி எண் பொய்யாக இருக்கும். ஆய்வைத் தொடங்கும் நாளிலேயே இந்த எண்ணைத் தேடித் திருத்துங்கள். 0.5, 0.6, 0.7 என்று மாற்றிப் பார்த்து முடிவு எந்த அளவுக்கு அசைகிறது என்பதையும் கட்டுரையில் சொல்லுங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நிலைப்படுத்திய வெண்பொருளில் பி-மதிப்பை எவ்வளவு உயர்த்தினாலும் சிக்னலின் ஒரு சிறு பங்கு எந்தத் திசையிலும் குறைவதில்லை. அசையாமல் நிற்கும் நீர் போல அது நடந்துகொள்கிறது. இதற்காக மாதிரிகளில் புள்ளி வடிவப் பெட்டி ஒன்றைச் சேர்க்கிறார்கள். உயிருள்ள மனித வெண்பொருளில் அப்படிப்பட்ட நீர் குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று 2018-இல் ஃப்ரைபர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு நிலைக்குத் தேவையான பெட்டி மற்றதற்குத் தேவையில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரியை ஓட்டி எண்களை ஒப்பிட்டால் அந்தப் பெட்டியின் நீர் வேறொரு பெட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

புள்ளிப் பெட்டியைச் சேர்க்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். எம்.ஆர்.ஐ. படத்தின் இரைச்சலுக்கு ஒரு தளம் உண்டு, அதற்குக் கீழே சிக்னல் இறங்காது. அந்தத் தளத்தைத் தொட்டு நிற்கும் சிக்னலும் "அசையாத நீர்" போலவே தெரியும். ஃபுளூரின் திரவம் உள்ள கருப்புப் பின்னணியில் இரைச்சல் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். உயர்ந்த பி-மதிப்பில் வெண்பொருளின் சிக்னல் அதைவிடப் பல மடங்கு மேலே நின்றால்தான் அந்தப் பெட்டி மெய்.

எதை எதோடு ஒப்பிடலாம்

துணிந்து ஒப்பிடத்தக்கது கற்றையின் திசை. சிதைவு முற்றாத திசுவில் நிலைப்படுத்தல் அதைப் பெரிதாகக் கலைப்பதில்லை. எஃப்.ஏ. போன்ற சார்பளவுகளும் ஓரளவு தாங்கும். செயின்ட் லூயிஸில் சுண்டெலி மூளைகளை உயிரோடும் ஃபார்மலினில் நிலைப்படுத்திய பின்பும் அளந்து, விரவலின் அளவு மாறினாலும் திசைச்சார்பு ஒத்திருக்கிறது என்று 2003-இல் காட்டினார்கள். ஆனால் அது காலதாமதமின்றி நிலைப்படுத்திய ஆய்வக விலங்கு. இரண்டு நாள் காத்திருந்த மனித மூளைக்கு அந்த உறுதியை அப்படியே மாற்ற முடியாது.

எச்சரிக்கையோடு ஒப்பிடத்தக்கது ஒரே மூளையின் வெவ்வேறு பகுதிகள். ஊறவைத்த மூளையில் ஆழமும் பகுதியும் கலந்துபோவதால், மேற்பரப்பிலிருந்து உள்ள தூரத்தையும் பகுப்பாய்வில் ஒரு காரணியாகச் சேருங்கள்.

ஒப்பிடக் கூடாதவை சராசரி விரவல், செல்வெளி நீரின் பங்கு, ஆக்சான் விட்டம் போன்ற முழு அளவுகள். நிலைப்படுத்திய திசுவில் கிடைத்த இவற்றை உயிருள்ளவரின் எண்ணாக வாசிக்க முடியாது. நுண்ணோக்கி தரும் ஆக்சான் விட்டமும் நீர் நீக்கம், பதித்தல், சுருங்கல் எல்லாவற்றையும் கடந்து வந்ததுதான். எம்.ஆர்.ஐ. எண் அதோடு ஒத்துப்போனால் இரண்டும் ஒரே வழியில் மாறியிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2023-இல் ஆக்ஸ்ஃபர்டிலிருந்து வெளியான பிக்மேக் தரவுத்தொகுப்பின் அருமை இங்கே விளங்கும். ஒரே மக்காக் குரங்கை உயிரோடு ஸ்கேன் செய்து, அதே மூளையை இறந்தபின் ஸ்கேன் செய்து, அதையே நுண்ணோக்கியிலும் பார்த்திருக்கிறார்கள். அதில் இரண்டு நிலைகளையும் ஒரே மூளையிலேயே ஒப்பிடலாம்.

மாதிரியோடு போகும் பதிவேடு

ஒவ்வொரு மூளைக்கும் ஒரு பக்கம். கீழே உள்ளவற்றில் ஒன்றும் விடுபடக் கூடாது:

— இறந்த நேரம், உடல் குளிரூட்டப்பட்ட நேரம், மூளை வெளியே எடுக்கப்பட்ட நேரம்
— நிலைப்படுத்திய முறை: குழாய் வழியா, ஊறவைத்தா
— நிலைப்படுத்தியின் பெயர், செறிவு, பஃபர், அமில காரத் தன்மை, கனஅளவு, மாற்றிய தேதிகள்
— முழு மூளையா, பாதியா, சீவலா, வெட்டிய தேதி
— மொத்தம் ஊறிய நாட்கள், வைத்திருந்த வெப்பநிலை
— கழுவிய கரைசல், கழுவிய நாட்கள், மாற்றிய தேதிகள், கழுவலின் முடிவில் டி2
— ஸ்கேனின்போது சூழ்ந்திருந்த திரவம், தொடக்கத்திலும் முடிவிலும் வெப்பநிலை
— பி-மதிப்புகள், துடிப்புகளுக்கிடையிலான நேரம், எதிரொலி நேரம், இரைச்சல் அளவு
— கணித மாதிரியில் நிலையாக வைத்த எண்கள்

இந்தப் பக்கம் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் முழுமையாக அச்சாகட்டும். "ஃபார்மலினில் நிலைப்படுத்தப்பட்டது" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு அடுத்த ஆய்வுக்கூடத்தால் எதையும் திரும்பச் செய்ய முடியாது. உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு சேர்க்கவும் முடியாது.

இதற்கெல்லாம் நேரமில்லை என்று தோன்றும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஒரு குடும்பம் துக்கத்தின் நடுவே கையெழுத்திட்டுத் தந்த மூளை இது. அதில் மறு பரிசோதனை கிடையாது. ஸ்கேனரைப் பிறகு மேம்படுத்தலாம், மாதிரியை மாற்றி எழுதலாம், பழைய தரவைப் புதிய மென்பொருளில் மீண்டும் ஓட்டலாம். முதல் 48 மணி நேரத்தில் எழுதாமல் விட்ட நேரத்தையும் முதல் மாதத்தில் குறிக்காமல் விட்ட கரைசலையும் யாராலும் மீட்க முடியாது. அதனால் பதிவேட்டை ஸ்கேன் நாளன்று திறக்காதீர்கள். மூளை உங்கள் பொறுப்புக்கு வரும் என்று தெரிந்த அன்றே திறந்து, பிரேத அறையில் இருப்பவரின் கையாலேயே முதல் மூன்று வரிகளை நிரப்பி வாங்குங்கள்.